இறங்கும் இடத்தைக் காட்டிய மனிதர்

1999ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், லண்டனுக்கு வந்து மூன்றாவது கிழமை, நான் ரயிலில் வழி தவறினேன். அகதி வழக்குக்காக நகரத்துக்குள் ஒரு சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தேன். வெம்பிளிக்குப் பக்கத்தில் அல்பேர்ட்டன் என்ற இடத்தில் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் ஒரு அறையில் நாங்கள் நாலு பேர். பிக்கடில்லி லைனில் ஏறினால் நேரே வந்துவிடலாம் என்று அண்ணை சொல்லியிருந்தார். அக்டன் டவுனில் அந்தப் பாதை இரண்டாகப் பிரிகிறது என்பதையும் அவர் சொல்லியிருப்பார், நான்தான் கவனிக்கவில்லை. நித்திரையாகி விழித்தபோது ரயில் ஹீத்ரோவில் நின்றது. மூன்று கிழமைக்கு முன் எந்த விமான நிலையத்தில் கைவிரல் அடையாளம் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றேனோ, அதே இடம். திருப்பி அனுப்பத்தான் ரயிலே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று ஒரு கணம் மனம் சொன்னது.

யாரிடமும் கேட்கப் பயம். என் ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுதான். சுவரில் ஒரு படம் இருந்தது. கடும்நீலக் கோடு ஒன்று ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிவது அதில் தெளிவாகத் தெரிந்தது. பிரியும் இடத்தின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு திரும்ப ஏறினேன். ஒவ்வொரு நிலையத்திலும் சிவப்பு வட்டம், அதற்குக் குறுக்கே நீலப் பட்டி, பட்டியில் வெள்ளை எழுத்தில் ஊரின் பெயர். ஒரு தடவை அல்ல, மேடை நெடுக திரும்பத் திரும்ப. எந்தப் பெட்டியில் எந்த இருக்கையில் இருந்தாலும் ஒன்றாவது கண்ணில் படும். ஒரு வார்த்தை பேசாமல் அல்பேர்ட்டனில் வந்து இறங்கினேன்.

அந்த நேரத்தில் எங்கள் கொடிகாமம் ஸ்ரேசனுக்குக் கூரை இல்லை. 1990இல் யாழ்தேவி நின்றுபோன பிறகு தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கர்களுக்குப் போய்விட்டன. மேடை மட்டும் பற்றைக்குள் கிடந்தது. பெயர்ப்பலகை எப்போது போனது என்று எனக்கு ஞாபகம் இல்லை. அது இல்லாத ஸ்ரேசனைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, ஒரு ஊரின் பெயரை இவ்வளவு அக்கறையாக எழுதி வைத்தது யார் என்ற கேள்வி அந்த இரவிலிருந்து எனக்குள் இருந்தது. சில வருடம் கழித்து, ஆங்கிலம் கொஞ்சம் பழகிய பிறகு, ஈலிங் றோட் நூலகத்தில் ஒரு பெயர் கிடைத்தது: பிராங்க் பிக்.

கட்டடக் கலைஞரும் அல்ல, ஓவியரும் அல்ல, பொறியியலாளரும் அல்ல. 1878 நவம்பர் 23ஆம் திகதி, லிங்கன்ஷயரில் ஸ்போல்டிங் என்ற சிறு பட்டினத்தில், ஒரு துணிக்கடைக்காரரின் மூத்த மகனாகப் பிறந்தவர். யோர்க் நகரில் படித்து, அங்கேயே ஒரு சட்டத்தரணியிடம் பயிற்சி பெற்று, 1902இல் தேர்ச்சியும் பெற்றார். ஆனால் வழக்காடப் போகவில்லை. வட கிழக்கு ரயில்வே கம்பனியில் சேர்ந்து, எத்தனை பேர் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்ற கணக்குகளோடு உட்கார்ந்தார். அந்தக் கம்பனியின் பொது முகாமையாளர் சேர் ஜோர்ஜ் கிப் 1906இல் லண்டன் நிலக்கீழ் ரயில் கம்பனிக்குப் போனபோது இவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

லண்டனில் அப்போது மூன்று புதிய சுரங்கப் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. எதிர்பார்த்த அளவு சனம் ஏறவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. கம்பனி தன்னை மக்களுக்கு அறிமுகப்படுத்தும் முறை சரியில்லை என்று பிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். குறை சொன்னவன் தலையிலேயே வேலையைக் கட்டுவது எங்கள் ஊர்ச் சங்கங்களில் மட்டும் நடப்பதல்ல. 1908இல் விளம்பரப் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தத் துறையில் அவருக்கு ஒரு நாள் பயிற்சிகூட இல்லை.

முதலில் அவர் செய்தது நிலையங்களுக்குப் போய்ப் பார்த்ததுதான். சவர்க்காரம், தேயிலை, மருந்து என்று சுவர் முழுக்க விளம்பரத் தாள்கள். அவற்றுக்கு நடுவே நிலையத்தின் பெயரும் இன்னொரு விளம்பரம் போலக் கிடந்தது. சுரங்கத்துக்குள் ஓடும் ரயிலில் வெளியே பார்த்து இடத்தை அறிய வழியில்லை. பெயர் தெரியாவிட்டால் பிரயாணி குருடன்தான். பிக் விளம்பரங்களை ஒழுங்கான சட்டங்களுக்குள் ஒதுக்கினார். பெயருக்குப் பின்னால் முழுச் சிவப்பில் ஒரு வட்டத்தை வைத்து, அதற்குக் குறுக்கே நீலப் பட்டியில் பெயரை எழுதவைத்தார். மற்ற எதிலிருந்தும் அது பிரிந்து தெரிந்தது. இன்று உலகமெல்லாம் பனியனிலும் கோப்பையிலும் அச்சடித்து விற்கிற அந்தச் சின்னம், ஒரு பிரயாணி தன் நிலையத்தைத் தவறவிடக்கூடாது என்பதற்காகப் பிறந்தது.

பிறகு எழுத்து. எட்வேர்ட் ஜோன்ஸ்ரன் என்ற எழுத்துக்கலைஞரிடம் போய், எட்டத்திலிருந்தும் ஓட்டத்திலும் வாசிக்கக்கூடிய, ஆனால் கடை விளம்பர எழுத்தோடு குழம்பிப்போகாத ஓர் எழுத்துரு வேண்டும் என்று கேட்டார். 1916இல் அது தயாரானது. சிறு திருத்தங்களுடன் இன்றும் அதுதான். சிவப்பு வட்டத்தை வளையமாக்கியதும் ஜோன்ஸ்ரன்தான்.

சுவரொட்டிகளுக்கு நல்ல ஓவியர்களைத் தேடிப் பிடித்ததும் பிக்தான். மற்றக் கம்பனிகள் தங்கள் ரயிலையே படம் போட்டு விற்றபோது, இவர் ரயிலில் போனால் அடையக்கூடிய காட்டையும் ஆற்றங்கரையையும் வரையச் சொன்னார். அதற்குள் கணக்கும் இருந்தது. காலையும் மாலையும் நிரம்பும் ரயில் மதியத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வெறுமையாக ஓடுகிறது. அந்த இருக்கைகளை நிரப்ப வேண்டும். அழகையும் வரவு செலவையும் இரண்டு கொப்பியில் எழுதாத மனிதர் அவர்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். அல்பேர்ட்டன், சட்பரி டவுன், சட்பரி ஹில் வழியாகப் போகும் பாதை 1903 ஜூனில் திறக்கப்பட்டது. அது டிஸ்ட்ரிக்ட் ரயில்வே கம்பனியின் மின்சார ஓட்டத்துக்குப் பரீட்சைப் பாதை. சுற்றிலும் வயல்தான். நிலையங்கள் என்று இருந்தவை வெறும் கொட்டகைகள். முதல் உலகப் போருக்குப் பிறகு வெம்பிளிப் பக்கம் வீடுகள் முளைக்கத் தொடங்கின. 1924இலும் 1925இலும் பேரரசுக் கண்காட்சி நடந்ததும் அங்கேதான். அதில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. எங்கள் சனம் வெம்பிளிக்கு வர அறுபது வருடத்துக்கு முன்பே எங்கள் தேயிலை அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

1928இல் பிக் கம்பனியின் முகாமைத்துவப் பணிப்பாளரானார். பிக்கடில்லி லைன் அப்போது மேற்கே ஹமர்ஸ்மித்தோடும் வடக்கே பின்ஸ்பரி பார்க்கோடும் நின்றுவிடும். பின்ஸ்பரி பார்க்கில் இறங்கும் சனம் பஸ்ஸுக்கும் டிராமுக்கும் தெருவில் முட்டி மோதும். வேலையில்லாத் திண்டாட்டத்தைக் குறைக்க 1929இல் அரசாங்கம் கடன்களுக்கு உத்தரவாதம் தரும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பாதையை இரண்டு பக்கமும் நீட்டப் பிக் அதைப் பிடித்துக்கொண்டார்.

புதிய நிலையங்களைக் கட்டும் பொறுப்பைச் சார்ள்ஸ் ஹோல்டன் என்ற கட்டடக் கலைஞருக்குக் கொடுத்தார். இருவரும் பழைய சிநேகிதர்கள். 1930 கோடையில் ஒல்லாந்து, ஜேர்மனி, டென்மார்க், சுவீடன் என்று சேர்ந்து பயணம் போய், அங்கே சாதாரண மக்களுக்கான கட்டடங்களை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். திரும்பி வந்து முதலில் கை வைத்தது சட்பரி டவுனில். 1931 ஜூலையில் அது திறக்கப்பட்டது. பின்னால் கட்டிய பல நிலையங்களுக்கு மாதிரி அதுதான்.

நான் அந்த நிலையத்தை நூற்றுக்கணக்கான தடவை கடந்து போயிருக்கிறேன். முதலில் பார்க்கிறவருக்கு அது ஒன்றுமில்லாதது போலத் தெரியும். செங்கல்லால் ஒரு உயரமான சதுரம், மேலே தட்டையான கொங்கிறீற் கூரை. தூணும் இல்லை, சிற்ப வேலையும் இல்லை. உள்ளே போய் நின்றால்தான் விளங்கும். ரிக்கற் எடுக்கும் இடம் ஒரு கோயில் மண்டபம் அளவு உயரம். நெடிய கண்ணாடி யன்னல்களால் வெளிச்சம் தரைவரை இறங்குகிறது. இருட்டிய பிறகு உள்ளே எரியும் விளக்கு அதே யன்னல்களால் வெளியே வந்து, தெருவில் வருகிறவருக்கு நிலையம் எங்கே என்று காட்டுகிறது. மழைக்கும் குளிருக்கும் ஒதுங்கக் காத்திருப்பு அறைகள், இரண்டு மேடைகளையும் இணைக்கும் கொங்கிறீற் பாலம். எல்லாம் ஒரே கையால் யோசிக்கப்பட்டவை. வேலைக்குப் போகிற ஒரு தட்டச்சுக்காரிக்கும் ஒரு மேசனுக்கும் காலையில் பத்து நிமிடம் நிற்க இப்படி ஒரு இடம் போதும் என்று நினைக்காமல், இப்படி ஒரு இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

திறந்து சில நாளில் பிக் அங்கே போய்ப் பார்த்துக் கொதித்துப்போனார். காசு போட்டால் இனிப்புத் தரும் பெட்டிகளையும் வேறு தட்டுமுட்டுச் சாமான்களையும், யாரிடமும் கேட்காமல், கண்ட இடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். உடனே கண்டித்து எழுதினார். ஒரு பெரிய கம்பனியின் தலைவருக்கு இனிப்புப் பெட்டி ஒரு விடயமா என்று கேட்கலாம். கொட்டகையை இடித்துக் கட்டுவது ஒரு வருட வேலை, கட்டியதைக் கெடாமல் வைத்திருப்பது தினமும் செய்யவேண்டிய வேலை என்று அவர் நினைத்தார். இரவிலும் விடுமுறை நாளிலும் தானே நிலையம் நிலையமாகப் போய்ப் பார்ப்பார். குறிப்புகள் பச்சை மையில் வரும். பச்சை மையைக் கண்டாலே அலுவலகத்தில் பலருக்கு வயிற்றைக் கலக்கும்.

1932 ஜூலை 4ஆம் திகதி, அதுவரை டிஸ்ட்ரிக்ட் ரயில் ஓடிய இந்தப் பாதையில், சவுத் ஹரோ வரை பிக்கடில்லி லைன் ரயில்கள் ஓடத் தொடங்கின. ஹமர்ஸ்மித்துக்கும் அக்டன் டவுனுக்கும் இடையே நாலு தண்டவாளப் பாதைகள். பிக்கடில்லி ரயில் நடுவில் உள்ள இரண்டில், இடையில் உள்ள சிறு நிலையங்களில் நில்லாமல் பாய்ந்து போகும். வெம்பிளியின் ஓரத்தில் இருந்தவர் மாறி ஏறாமல் நகரத்தின் நடுவில் போய் இறங்கலாம். அல்பேர்ட்டனும் சட்பரி ஹில்லும் அதே செங்கல் சதுர அமைப்பில் எழுந்தன. நிலையம் வந்தது, வீடுகள் வந்தன, 1937இல் வெம்பிளி தனி நகரசபைத் தகுதி பெற்றது. 1965இல் வில்ஸ்டனோடு சேர்த்துப் பிரென்ட் ஆக்கினார்கள். இன்று ஈலிங் றோட்டில் மரக்கறிக்கடையும் நகைக்கடையும் கோயிலும் இருப்பதற்கு இந்தப் பாதையும் ஒரு காரணம்.

வயல் எல்லாம் போனதும் அதனால்தான். அது பிக்குக்கும் உறுத்தியது. தான் நீட்டிய பாதைகளின் வழியே லண்டன் அளவில்லாமல் வீங்குகிறது என்று கவலைப்பட்டு, நகரைச் சுற்றிப் பசுமை வலயம் வேண்டும் என்பவர்களோடு நின்றார்.

அவருடைய நிலையங்களில் இன்னொரு குறை எனக்குத் தெரியும். படிகள். முழங்கால் வருத்தக்காரரையும் சக்கர நாற்காலியில் வருபவரையும் அந்தக் காலம் யோசிக்கவில்லை. 1951 பிரித்தானிய விழாவில் ஓடிய நகரும் படிக்கட்டு ஒன்றை 1955இல் அல்பேர்ட்டனில் கொண்டுவந்து பூட்டினார்கள். 1988இல் நின்றுபோய், இப்போது சுவருக்குப் பின்னால் இருக்கிறது. லண்டனில் லிஃப்ற் இல்லாத நிலையங்கள் இன்றும் ஏராளம். உள்ளூர்க் கூட்டங்களில் சனம் அதற்காகத்தான் குரல் கொடுக்கிறது. ஷெல் துண்டைக் காலில் சுமந்துகொண்டு வந்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர் என்பது வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1933 ஜூலையில் லண்டனின் நிலக்கீழ் ரயில், பஸ், டிராம் எல்லாம் ஒரே சபைக்குக் கீழ் வந்தன. தலைவர் அஷ்பீல்ட் பிரபு, நிறைவேற்றுப் பொறுப்பு பிக்கிடம். அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஹரி பெக் வரைந்த படம் அச்சாகியது. 1931இல் முதலில் கொண்டுபோனபோது கம்பனி வேண்டாம் என்றுவிட்டது. உண்மைத் தூரத்தை விட்டுவிட்டு, எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்பதை மட்டும் நேர்கோடுகளில் காட்டும் படம். ஹீத்ரோச் சுவரில் எனக்கு வழி சொன்னது அதன் பேரப்பிள்ளைதான்.

பிக் இனிமையான மனிதர் என்று யாரும் எழுதவில்லை. கூச்சம், கடும் கோபம், எதையும் மற்றவரிடம் விடமாட்டாத குணம், உடம்பைப் பாராத உழைப்பு. மனைவி மேபலும் அவரும் பிள்ளைகள் இல்லாமல் ஹம்ஸ்டெட் கார்டன் சபேர்பில் வாழ்ந்தார்கள். சேர் பட்டம் கொடுக்க வந்தபோது மறுத்தார், பிரபுப் பட்டத்தையும் மறுத்தார். மொஸ்கோ நிலக்கீழ் ரயிலுக்கு ஆலோசனை சொன்னதற்காகச் சோவியத் நாடு கொடுத்த பதக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

போர் வருமுன்பே, குண்டு விழுந்தால் லண்டன் பிள்ளைகளை எப்படி வெளியே கொண்டுபோவது என்ற திட்டத்தில் அவர் வேலை செய்தார். எந்தப் பாடசாலை எந்த நிலையத்துக்கு, எந்த ரயில் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முன்கூட்டியே தாளில் இருந்தது. 1939 செப்ரெம்பர் முதல் நாட்களில் பிரித்தானியா முழுவதும் ஏறக்குறைய 15 லட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகளும் தாய்மாரும், பட்டினங்களை விட்டு அப்படி வெளியேறினார்கள். பிள்ளைகளின் சட்டையில் பெயர் எழுதிய துண்டு.

இதை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்து வந்தபோது நான் கொடிகாமத்தில் இருந்தேன். மழை. சைக்கிளில் கட்டிய பாய், தலையில் சட்டி, தோளில் கிழவி. ரயில் இல்லை, பட்டியல் இல்லை, யார் எங்கே போவது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பாடசாலைகள் நிரம்பி, எங்கள் வளவு நிரம்பி, ஓடாத ரயிலின் மேடையிலும் படங்கு கட்டிச் சனம் படுத்தது. பிள்ளைகளைத் தவறவிட்ட தாய்மார் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு போனார்கள். லண்டன் பிள்ளைகளும் அழுதுதான் ஏறினார்கள், போன வீடுகளில் வதைபட்டவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் எங்கே இறங்குவார்கள் என்று ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

1940 மே மாதம், அஷ்பீல்டுடன் ஏற்பட்ட கருத்து முரண்பாட்டால், பிக் சபையை விட்டு விலகினார். முப்பத்துநாலு வருட வேலை அத்தோடு முடிந்தது. அதே ஆகஸ்டில் அவரைத் தகவல் அமைச்சின் பணிப்பாளர் நாயகம் ஆக்கினார்கள். போர்க்காலத்தில் தகவல் அமைச்சு என்றால் என்ன வேலை என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். எதிரி நாட்டில் பொய்ச் செய்தி பரப்பும் யோசனை ஒன்று வந்தபோது, உண்மையல்லாததைத் தன்னால் வெளியிட முடியாது, தான் பொய் சொன்னதில்லை என்று பிக் பிரதமர் சேர்ச்சிலிடம் நேரே சொன்னதாகவும், சேர்ச்சில் அவரைக் கிண்டல் பண்ணி ஒதுக்கியதாகவும் ஒரு கதை நிலைத்திருக்கிறது. டிசெம்பரில் அவர் அந்தப் பதவியில் இல்லை.

அந்தக் கதையை வாசித்துச் சிரிப்பவர்களும் உண்டு. போரில் இப்படி ஒரு அப்பாவியா என்று. இரண்டு பக்கமும் காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்குச் சொல்ல, வானொலியைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டு எது உண்மை என்று தேடிய சனம் நாங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர்ப்பலகையில் இருக்கும் ஊர் அந்த ஊராகவே இருக்கவேண்டும் என்று முப்பது வருடம் பாடுபட்ட ஆளுக்கு அந்த வேலை எப்படிப் பொருந்தும்?

கடைசி வருடத்தில் கால்வாய்ப் போக்குவரத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் ஆய்வு செய்தார். போருக்குப் பிறகு நாட்டை எப்படித் திரும்பக் கட்டுவது என்று சிறு நூல்கள் எழுதினார். 1941 நவம்பர் 7ஆம் திகதி, மூளையில் இரத்தம் கசிந்து, தன் வீட்டிலேயே இறந்தார். வயது 62. கோல்டர்ஸ் கிரீனில் தகனம் செய்தார்கள். இறந்து 75 வருடம் கழித்து, 2016இல், பிக்கடில்லி சேர்க்கஸ் நிலையத்துக்குள் ஜோன்ஸ்ரன் எழுத்தில் ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். அவசரமாகப் போகிறவர்கள் அதைக் கவனிப்பது குறைவு.

கொடிகாமத்துக்கு 2014 ஒக்ரோபரில் ரயில் திரும்ப வந்தது. அடுத்த வருடம் நான் கோட்டையில் யாழ்தேவி ஏறிப் போனேன். ஓமந்தை, கிளிநொச்சி, பளை என்று ஒவ்வொரு பலகையாக வாசித்துக்கொண்டு போனேன். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. வீட்டுக்குப் பத்து நிமிட நடைதான் என்றாலும் அம்மா மேடைக்கு வந்து நின்றா. அவவைப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்து அல்பேர்ட்டனில் இருக்கிற மகனுக்கு அனுப்பினேன். அப்போது அவனுக்கு ஏழு வயது. இது எந்த நிற லைன் என்று கேட்டான். நிறம் இல்லை, ஒரே ஒரு பாதைதான், அங்கேயிருந்து கொழும்புக்குப் போகும் என்று எழுதினேன்.